அரைப் பரீட்சை லீவில் ஆமை, ஆடு, யானை பிஸ்கட்!

ஓவன் வேண்டாம், முந்திரிக்கொத்து மாவு போதும்!

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் குமரி மாவட்டத்துக்கே தனிக் களை வந்துவிடுகிறது. வீட்டுக்கு வீடு நட்சத்திர விளக்கு தொங்குகிறது. சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழாவுக்கான பேச்சு தொடங்கிவிடுகிறது. நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் கடைவீதிகளில் பேக்கரிக் கண்ணாடிக்குள் கேக்குகள் அணிவகுத்து நிற்கின்றன. இதற்கிடையில் அரைப் பரீட்சையும் முடிந்து பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். வெளியே ஓடி விளையாடலாம் என்றால் மழை. உள்ளே இருந்தால் கையில் கைபேசி. "எம்மா, தின்ன என்னமாம் தா" என்ற குரல் மணிக்கொரு தரம்!

இந்த நேரத்தில்தான் ஏதாவது பத்திரிகையிலோ தொலைக்காட்சியிலோ பிராணி உருவத்தில் செய்த பிஸ்கட்டைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்லயும் செய்யலாமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "ஓவன் இல்லையே மக்கா" என்று தட்டிக் கழிக்காதீர்கள். ஓவன் இல்லாமலே செய்யலாம். அதற்கு வேண்டிய மாவு நம் பாட்டிமார் காலத்திலிருந்தே நம் அடுக்களையில் இருக்கிறது.

முந்திரிக்கொத்துக்குள் இருக்கும் ரகசியம்

முந்திரிக்கொத்து செய்யத் தெரியாத குடும்பம் நாஞ்சில் நாட்டில் குறைவு. தீபாவளியானாலும் கிறிஸ்துமஸ் ஆனாலும் கல்யாண வீடானாலும் அது இல்லாமல் பலகாரத் தட்டு நிறையாது. சிறுபயறை வறுத்துப் பொடித்து, தேங்காயும் எள்ளும் ஏலமும் சேர்த்து, கருப்பட்டிப் பாகு ஊற்றி உருட்டுகிறோம். அந்த உருண்டைகளை மூன்று மூன்றாக அரிசிமாவுக் கரைசலில் முக்கி எண்ணெயில் பொரித்து எடுக்கிறோம்.

எண்ணெயில் போடுவதற்கு முந்தின நிலையை நினைத்துப் பாருங்கள். பயறு ஏற்கெனவே வறுபட்டது. பாகு ஏற்கெனவே கொதித்தது. தேங்காயும் வதங்கியது. பச்சையாக அதில் எதுவுமே இல்லை. கையில் பிடித்தால் நிற்கும், தட்டினால் தட்டையாகும், ஆறினால் இறுகும். பிஸ்கட் மாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அடுக்களையில் பிள்ளைகள் உருண்டையை எடுத்து ஓடுவதைப் பார்க்காத தாய் உண்டா? அந்த உருண்டைக்கு ஒரு தலையும் நாலு காலும் வைத்தால் ஆமை தயார்!

"சுடாத" பிஸ்கட்டில் ஓர் எச்சரிக்கை

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சுடாத பிஸ்கட் என்றால் பச்சை மாவு பிஸ்கட் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். மைதாவையும் வெண்ணெயையும் சீனியையும் பிசைந்து, குளிர்பெட்டியில் வைத்து இறுகச் செய்து பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். இது கூடவே கூடாது.

மைதா, கோதுமை மாவு எல்லாம் வயலில் விளைந்த தானியத்தை அரைத்த பச்சைப் பொருட்கள். மாடுகள் நடமாடும் மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் கிருமிகள் தானியத்தில் ஒட்டி வரலாம். அரைப்பதால் அவை சாவதில்லை. 2016-ல் அமெரிக்காவில் பச்சை மாவு வழியாக ஈ.கோலை என்ற கிருமி பரவிப் பலர் நோயுற்றார்கள். பிசைந்த மாவை வாயில் போட்டவர்களும் அவர்களில் உண்டு. பெரியவர்களுக்கு வயிற்றுப்போக்கோடு போகும் நோய், சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் வரை பாதிப்பைக் கொண்டுவரலாம். பச்சை முட்டை சேர்ப்பதும் இதே காரணத்தால் ஆகாது.

வீட்டில் மைதாவைக் கொஞ்சம் வறுத்துவிட்டால் போதுமா என்று கேட்பீர்கள். எல்லா இடத்திலும் சூடு ஒரே சீராக ஏறியதா என்று நமக்குத் தெரியாது. ஆகவே மைதாவே வேண்டாம். முழுப் பயறாக இருக்கும்போதே சிவக்க வறுத்து அரைத்த மாவு, கடையில் வறுத்தே வரும் பொரிகடலை, சுட்டே வரும் மாரி பிஸ்கட் — இந்த மூன்றையும் வைத்தே நம் பிராணிகளைச் செய்துவிடலாம். அடுப்பு வேலை முழுவதும் அம்மாவுக்கு. உருவம் பிடிக்கிற வேலை முழுவதும் பிள்ளைகளுக்கு. இதுதான் ஏற்பாடு.

1. பயறு - கருப்பட்டி பிஸ்கட்

தேவையான பொருட்கள்:
சிறுபயறு - 250 கிராம்
கருப்பட்டி - 200 கிராம்
தேங்காய்த் துருவல் - 1 கப்
வெள்ளை எள்ளு - 2 மேசைக்கரண்டி
ஏலக்காய் - 4
சுக்குப் பொடி - 2 சிட்டிகை
நெய் - 1 மேசைக்கரண்டி
தண்ணீர் - அரை கப்
கண் வைக்கக் கருப்பு எள்ளு - கொஞ்சம்

செய்முறை: பயறைக் கல் நீக்கிச் சுத்தம் செய்து, அடி கனமான உருளியிலோ இரும்புச் சட்டியிலோ போட்டு, சிறு தீயில் சிவக்க வறுக்கவும். பத்து பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். நம்மூர் ஆச்சிமார், "பயறு வறுக்கும்போ அடுப்பை விட்டு மாறப்பிடாது" என்பார்கள். உண்மைதான், ஒரு நிமிடம் கவனம் தப்பினால் கருகிக் கசந்துவிடும். ஆறியதும் லேசாக உடைத்து, சுளவில் புடைத்துத் தோலை நீக்கவும். பிறகு மிக்சியில் நைசாகப் பொடித்துச் சலிக்கவும். முந்திரிக்கொத்துக்குக் கொஞ்சம் கொரகொரப்பாக இருக்கலாம். பிஸ்கட்டுக்கு நைசாக இருந்தால்தான் விளிம்பு உடையாமல் வரும்.

தேங்காய்த் துருவலை மிக்சியில் ஒரு சுற்று சுற்றி, ஈரம் முழுவதும் வற்றிப் பொன்னிறம் ஆகும்வரை வறுக்கவும். இந்த வேலையில் அவசரம் கூடாது. தேங்காயில் ஈரம் தங்கினால் இரண்டே நாளில் ஊசிப்போகும். இரண்டு வகை எள்ளையும் தனித்தனியே படபடவென்று பொரியும்வரை வறுத்து வைக்கவும்.

கருப்பட்டியைத் தட்டி அரை கப் தண்ணீரில் கரைய விட்டு, மண்ணும் தூசியும் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் வைக்கவும். விரலுக்கிடையில் ஒரு கம்பி இழுக்கும் பதம் வந்ததும் நெய், ஏலப்பொடி, சுக்குப்பொடி சேர்த்து இறக்கவும்.

அகலமான பாத்திரத்தில் பயற்றுமாவு, தேங்காய், வெள்ளை எள்ளு மூன்றையும் கலக்கவும். ஒரு கைப்பிடி மாவைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறவும். கை பொறுக்கும் சூடு வந்ததும் பிசையவும். தளர்ந்தால் எடுத்து வைத்த மாவைத் தூவலாம். உதிர்ந்தால் ஒரு கரண்டி வெந்நீர் தெளிக்கலாம். மூடிப் பத்து நிமிடம் வைத்தால் மாவு பதப்பட்டுவிடும். சிறிய பிஸ்கட்டாக 25 வரை வரும்.

2. பொரிகடலை - தேங்காய் பிஸ்கட்

வெள்ளை ஆட்டுக்கும் கொக்குக்கும் கருப்பட்டி நிறம் பொருந்தாது. அதற்கு மாலாடு மாவு.

தேவையான பொருட்கள்:
பொரிகடலை மாவு (சலித்தது) - 2 கப்
பொடித்த சீனி - 1 கப்
நெய் - சுமார் அரை கப்
ஏலப்பொடி - சிறிது
கொப்பரைத் துருவல் - அரை கப்

செய்முறை: மாவு, சீனி, ஏலப்பொடியைக் கலந்து, உருக்கிய நெய்யை வெதுவெதுப்பாக ஊற்றிப் பிசையவும். அழுத்திப் பிடித்தால் நிற்க வேண்டும். அதற்குமேல் நெய் வேண்டாம். கொப்பரையைத் துருவி, நிறம் மாறாமல் லேசாகச் சூடுகாட்டித் தனியே வைக்கவும். ஆட்டுக்குக் கம்பளி அதுதான்! தண்ணீர் சேராத மாவு என்பதால், ஈரக்கை படாமல் வைத்தால் பத்து நாளும் கெடாது.

3. மாரி - கோகோ பிஸ்கட்

அடுப்பே மூட்ட நேரமில்லாத நாளைக்கு இது. மாரி பிஸ்கட் 200 கிராமை மிக்சியில் பொடிக்கவும். கோகோ 2 மேசைக்கரண்டி, பொடித்த சீனி 2 மேசைக்கரண்டி, உருக்கிய வெண்ணெய் 50 கிராம் சேர்த்து, காய்ச்சி ஆறிய பாலை நாலைந்து கரண்டி தெளித்துப் பிசையவும். கறுத்த நிறம், யானைக்கும் கரடிக்கும் பொருத்தம். பால் சேர்வதால் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளில் தீர்த்துவிட வேண்டும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அன்றைக்கே சாப்பிட்டுவிடவும்.

என்ன பிராணி செய்யலாம்?

பிராணி பிஸ்கட் மேல்நாட்டில் பழைய சங்கதி. அமெரிக்காவில் 1902-ல் நேஷனல் பிஸ்கட் கம்பெனி, சர்க்கஸ் கூண்டு வண்டி போன்ற அட்டைப்பெட்டியில் சிங்கம், புலி, குரங்கு பிஸ்கட்டுகளைப் போட்டு விற்றது. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவதற்காகப் பெட்டியின் மேல் ஒரு கயிறும் கட்டியிருந்தது. 2018-ல் அந்தப் பெட்டியின் படத்தை மாற்றி, மிருகங்களைக் கூண்டுக்கு வெளியே விட்டுவிட்டார்கள். நம் பிள்ளைகள் சர்க்கஸுக்குப் போகவே வேண்டாம். நம் மாவட்டத்திலேயே எத்தனை பிராணிகள்! ஒவ்வொன்றாகச் செய்யும்போதே அதன் கதையையும் சொல்லிக் கொடுக்கலாம்.

ஆமை: நெல்லிக்காய் அளவு பயறு மாவு உருண்டையை லேசாக அமுக்கினால் முதுகு. பயறளவு உருண்டை நாலு கால். கொஞ்சம் பெரிதாக ஒன்று தலை. முதுகில் கரண்டி விளிம்பால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டால் ஓடு. மூன்று வயதுப் பிள்ளைக்கும் கைவரும். ஜனவரி தொடங்கினால் நம் கடற்கரை மணலில் சிற்றாமைகள் முட்டையிட வரும் என்பதையும் சொல்லுங்கள்.

மீன்: மாவை வாழையிலைமேல் அரை விரல் கனத்துக்குத் தேய்த்து, சின்ன மூடியால் வட்டமாக வெட்டவும். ஒரு பக்கத்தில் முக்கோணமாக ஒரு துண்டை வெட்டி எடுத்தால் வாய். அந்தத் துண்டையே மறுபக்கம் ஒட்டினால் வால். மாவு ஒரு துளியும் வீணாகாது.

ஆடு: பொரிகடலை மாவில் முட்டை வடிவ உருண்டை பிடித்து, கொப்பரைத் துருவலில் புரட்டவும். முகத்துக்கு மட்டும் கோகோ மாவு. கால் வைக்க வேண்டாம். படுத்திருக்கும் ஆடாக இருந்தால் உடையாது.

யானை: பெரிய வட்டம் ஒன்று முகம், சிறிய வட்டம் இரண்டு காது, விரல்போல உருட்டிய துண்டு தும்பிக்கை. "எம்மா, எனக்க யானைக்குத் தும்பிக்கை முறிஞ்சு போச்சு!" என்று கூப்பாடு வரும். "அதுக்கென்ன மக்கா, கொஞ்சம் தண்ணி தொட்டு ஒட்டு" என்றால் சரியாகிவிடும். நிஜ யானைகள் கீரிப்பாறை, கோதையாறு பக்கத்து மலைக்காட்டில் நடக்கின்றன.

கூழைக்கடா: பொரிகடலை மாவில் உடம்பு, வளைந்த கழுத்து, பயறு மாவில் நீண்ட அலகு. அலகின் கீழே ஒரு சின்னப் பை. தட்டில் படுக்கவைத்துச் செய்தால் கழுத்து ஒடியாது. தேரூர்க் குளத்தில் இந்தப் பறவையைப் பிள்ளைகள் நேரிலேயே பார்க்கலாம். சுசீந்திரம் - தேரூர் ஈரநிலம் 2022-ல் உலக அளவிலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மழை விட்ட ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி வாருங்கள். மறுநாள் அவர்கள் செய்யும் அலகே வேறு மாதிரி இருக்கும்!

குடில் கட்டும் வீடுகளில் மாடு, கழுதை, ஒட்டகம் எல்லாம் செய்து தரச் சொல்லிப் பிள்ளைகள் கேட்பார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் குடிலில் வைத்த பிஸ்கட்டை எடுத்துத் தின்னக் கூடாது. தூசியும் எறும்பும் பல்லியும் தொட்டிருக்கும். பார்வைக்கு வேறு, வாய்க்கு வேறு என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

பிடித்த உருவங்களைத் தட்டில் பரப்பி, மெல்லிய துணி மூடி, மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மேல்புறம் காய்ந்து இறுகும்.

கண்ணுக்கு என்ன வைப்பது?

சிலர் அழகுக்காக நல்லமிளகையோ முழுக் கடலையையோ கண்ணாகப் பதிக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது ஆபத்து. கடலை, அண்டிப்பருப்பு போன்ற கட்டியான பருப்புகள் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் தொண்டையில் சிக்கி மூச்சை அடைக்கலாம். கண்ணுக்குக் கருப்பு எள்ளு போதும். அண்டிப்பருப்பு சேர்க்க ஆசையென்றால் நன்றாகப் பொடித்து மாவோடு கலந்துவிடவும்.

கோடு போட ஈர்க்கு நல்ல கருவிதான். ஆனால் கழுத்து நிற்பதற்காக ஈர்க்கையோ பல்குத்தும் குச்சியையோ பிஸ்கட்டுக்குள் வைத்துவிடாதீர்கள். தின்னும் பிள்ளை அதைக் கவனிக்காது. சிறு பிள்ளைகள் ஓடிக்கொண்டோ படுத்துக்கொண்டோ தின்னாமல், உட்கார்ந்து சாப்பிடும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வயதுக்கு எந்த வேலை?

மூன்று நாலு வயது: உருட்டுவது, அமுக்குவது, எள்ளு ஒட்டுவது.
ஐந்து முதல் ஏழு வயது: ஆமை, மீன், ஆடு முழுவதும்.
எட்டு வயதுக்கு மேல்: அளந்து போடுவது, சலிப்பது, தேய்த்து வெட்டுவது.
பன்னிரண்டு வயதானாலும் பாகுச் சட்டி அம்மா கையில்தான்.

கொதிக்கும் பாகு தண்ணீரைப் போல வழிந்து போகாது. தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். ஆகவே பாகு காய்ச்சும் வேளையில் பிள்ளைகளை அடுக்களைக்கு வெளியே நிறுத்துங்கள். தப்பித் தவறிப் பட்டுவிட்டால், ஓடும் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். மையும் பற்பசையும் நெய்யும் பூசுவது காயத்தை மோசமாக்கும். ஐஸ் கட்டியும் வைக்கக் கூடாது. கொப்புளம் பெரிதாக இருந்தாலோ முகத்தில் பட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வேலை தொடங்குமுன் எல்லாரும் நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். சளியோ வயிற்றுப்போக்கோ உள்ள பிள்ளைக்குத் தனியாக ஓர் உருண்டை மாவு கொடுத்துவிடுங்கள். அது விளையாடினதாகவும் ஆகும். மற்றவர்களுக்கு ஒட்டாமலும் இருக்கும்.

மழைக்காலப் பக்குவம்

டிசம்பரில் நம் பக்கம் காற்றிலேயே ஈரம். கருப்பட்டி கசியும், பிஸ்கட் பிசுபிசுக்கும். முழுதும் காய்ந்த பிறகே டப்பாவில் அடுக்கவும். அடுக்குக்கு அடுக்கு எண்ணெய்த்தாள் போடலாம். பயறு பிஸ்கட்டில் தேங்காய் இருப்பதால் நாலைந்து நாளில் தீர்ப்பது நல்லது. அதிக நாள் வைக்க நினைப்பவர்கள் தேங்காயை விட்டுவிட்டு எள்ளைக் கூட்டிக்கொள்ளலாம்.

நிலக்கடலை, அண்டிப்பருப்பு, கொப்பரை எதை வாங்கினாலும் முகர்ந்து பாருங்கள். பூசண வாடையோ கசப்போ இருந்தால், "வறுத்தால் சரியாகும்" என்று நினைத்துவிடாதீர்கள். பூஞ்சை உண்டாக்கும் விஷம் வறுத்தாலும் முழுவதும் போகாது. காசு போனாலும் பரவாயில்லை, கொட்டிவிடுவதே நல்லது.

கைக்குழந்தைக்கு?

அக்காளும் அண்ணனும் பிஸ்கட் தின்னும்போது தொட்டில் பிள்ளையும் கை நீட்டும். பாவமாக இருக்கிறதே என்று கொடுக்க வேண்டாம். இரண்டு வயது வரை சீனியும் கருப்பட்டியும் சேர்க்காமல் இருப்பதே நல்லது என்று சத்துணவு நிபுணர்கள் சொல்கிறார்கள். மார்த்தாண்டம் தேன் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் ஒரு வயதுக்குள் நாக்கில் தொட்டும் வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை நுண்ணுயிர் வித்து, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து உடம்பைத் துவளச் செய்யும் நோயைக் கொண்டுவரலாம்.

ஆறு மாதம் கழிந்து இணை உணவு தொடங்கிய குழந்தைக்கு நம்மூர் மட்டிப்பழம் இருக்கவே இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம்! நன்றாகப் பழுத்ததை மசித்து ஒரு தட்டில் மீன் மாதிரிப் பரப்பிக் கொடுங்கள். அதற்கும் ஒரு பிராணி கிடைத்த மாதிரி ஆயிற்று.

பெரிய பிள்ளைகளுக்கும் அளவு உண்டு. கருப்பட்டி உடம்புக்கு நல்லது என்று சொல்லி ஒரு டப்பாவைத் தின்னவிடக் கூடாது. அதுவும் சர்க்கரைதான்; பல்லிலும் ஒட்டும். ஒரு நாளைக்கு இரண்டு போதும். தின்றபின் வாய் கொப்பளிப்பதும் இரவில் பல் துலக்குவதும் அவசியம். நீரிழிவு உள்ள தாத்தா பாட்டிக்கு, "கருப்பட்டிதானே" என்று எடுத்து நீட்டாதீர்கள்.

தட்டில் வைத்து அனுப்பும்போது

தீபாவளிக்கு அங்கிருந்து ஒரு தட்டு, கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து ஒரு தட்டு, பெருநாளுக்கு இன்னொரு வீட்டிலிருந்து ஒரு தட்டு — இப்படிப் பழகிய ஊர் நம்முடையது. இந்த வருஷம் அச்சுமுறுக்குக்கும் முந்திரிக்கொத்துக்கும் நடுவில் பிள்ளைகள் செய்த நாலு ஆமையும் நாலு ஆடும் போகட்டும். எள்ளு, அண்டிப்பருப்பு, பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே என்னென்ன சேர்த்தது என்று ஒரு சின்னச் சீட்டில் பிள்ளை கையாலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுத்துப் பயிற்சியும் ஆயிற்று. தின்பவர்களுக்குப் பாதுகாப்பும் ஆயிற்று.

ஒரு காது பெரிதாகவும் ஒரு காது சிறிதாகவும் யானை வரத்தான் செய்யும். அதைத் திருத்திச் சரிசெய்ய நீங்கள் கை வைக்காதீர்கள். பிள்ளை செய்தபடியே தட்டில் ஏறட்டும். பக்கத்து வீட்டு மாமி, "இது யாருக்க யானை?" என்று கேட்கும்போது, அந்தப் பிஞ்சு முகத்தில் வரும் பூரிப்புக்கு எந்தப் பேக்கரி கேக்கும் ஈடாகாது.

இந்த லீவில் ஒரு நாள் காலையில் பயறை வறுத்து மாவாக்கி வையுங்கள். மாலையில் பாகு காய்ச்சிப் பிசைந்ததும், வாழையிலையை விரித்துப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். கைபேசி தானாகவே ஒரு மூலைக்குப் போய்விடும்!